பதினைந்து பேர், ஒரே பேர்

போன இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் 1968-லிருந்து இதுவரை 15 பேர் வாசித்திருக்கிறார்கள், பேர் மட்டும் மாறவே இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வழக்கமாக இந்தப் பகுதிக்குச் சினிமாப் பாட்டு பற்றித்தான் கடிதம் வரும். இந்த முறை மணலியிலிருந்து ராயபுரம் வரைக்கும் எல்லாரும் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுதான். மற்றவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கீபோர்டு கலைஞர்: ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த மெல்லிசைக் குழு எங்களுடையது. இப்போது பாடகர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய், அதே பேரில் பிளக்ஸ் அடித்து, ஆடித் திருவிழாவுக்கு அட்வான்ஸ் வாங்குகிறார். கீபோர்டும் பேடும் இன்னும் நாங்கள்தான். பேர் யாருக்குச் சொந்தம்? நீங்கள் சொன்ன வெள்ளைக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

அண்ணே, அவர்கள் எங்கே சமாளித்தார்கள்? அடித்துக்கொண்டார்கள், பிரிந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், திரும்பச் சேர்ந்தார்கள், மறுபடியும் அடித்துக்கொண்டார்கள். கோர்ட் விஷயம் கீழே தனியாக வருகிறது, உங்களுக்கு வேண்டியது அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் கதையைக் கேளுங்கள்.

இந்தக் குழு யாருடைய யோசனையோ, அவர் இதில் ஒரு மேடைகூட ஏறவில்லை. சர்ச்சர்ஸ் என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த கிறிஸ் கர்ட்டிஸ் என்பவருக்கு ஒரு எண்ணம்: குழு என்றால் குடை ராட்டினம் மாதிரி இருக்க வேண்டும், வாசிப்பவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், ராட்டினம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பேரும் அதற்கேற்ற மாதிரி 'ரவுண்டபௌட்'. ராட்டினத்தைக் கட்டி முடிப்பதற்குள் மனிதர் தானே முதலில் இறங்கிப் போய்விட்டார். ஆனால் அவர் வாய் முகூர்த்தம், அடுத்த ஐம்பத்தைந்து வருஷமும் அப்படியேதான் நடந்தது.

1968-ல் முதலில் உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். ஆர்கனில் ஜான் லார்டு, கிதாரில் ரிச்சி பிளாக்மோர், பேஸ் கிதாரில் நிக் சிம்ப்பர், பாட்டுக்கு ராட் எவன்ஸ், டிரம்ஸில் இயன் பெய்ஸ். வேறொருவர் எழுதிய 'ஹஷ்' என்ற பாட்டை எடுத்துத் தங்கள் பாணியில் வாசித்தார்கள், அமெரிக்க ஹிட் பட்டியலில் நாலாவது இடம் வரைக்கும் ஏறியது. சொந்த ஊர் இங்கிலாந்தில் அப்போது யாரும் சட்டை செய்யவில்லை. அதற்குள் லார்டுக்கும் பிளாக்மோருக்கும் சத்தம் இன்னும் முரட்டுத்தனமாக வேண்டும் என்று தோன்றிவிட்டது, எவன்ஸின் குரலோ மெதுவான, இதமான குரல். எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து இயன் கில்லன் என்ற பாடகரைப் பார்த்துப் பேசி முடித்தார்கள், கூடவே அவருடைய சிநேகிதர் ரோஜர் க்ளோவர் பேஸ் கிதாரோடு வந்து சேர்ந்தார். இதில் ஒரு அநியாயம் பாருங்கள், 1969-ல் சில வாரங்கள் பகலில் புது ஆட்களோடு ரகசியமாகப் பயிற்சி, ராத்திரியில் பழைய ஆட்களோடு கச்சேரி. எவன்ஸுக்கும் சிம்ப்பருக்கும் கடைசியில்தான் தெரியும். உங்கள் பாடகர் குறைந்தபட்சம் பிளக்ஸ் அடித்தாவது தெரியப்படுத்தினார்.

ரசிகர்கள் இந்த மாற்றங்களுக்கு நம்பர் போட்டுவிட்டார்கள். அம்பாசிடர் காரில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று வந்ததே, அந்த மாதிரி. எவன்ஸ் காலம் மார்க் 1, கில்லன் வந்தது மார்க் 2. இந்த மார்க் 2 தான் உலகம் முழுக்க ஓடிய வண்டி. 1970-ல் 'இன் ராக்' ஆல்பம், 71-ல் 'ஃபயர்பால்', 72-ல் 'மெஷின் ஹெட்', அதே வருஷக் கடைசியில் 'மேட் இன் ஜப்பான்', ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மேடையில் பதிவு செய்தது. இடைவெளியே இல்லாமல் ஊர் ஊராகக் கச்சேரி, நடுவில் பதிவு, ஆளுக்கு ஆள் உடம்பு சரியில்லை. கில்லனும் பிளாக்மோரும் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். கில்லன் 1972 கடைசியிலேயே விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, அரசாங்க உத்தியோகஸ்தர் மாதிரி ஆறு மாசம் நோட்டீஸ் பீரியட் வேலை பார்த்து, 1973 ஜூன் 29-ம் தேதி ஒசாகா மேடையோடு கிளம்பினார். க்ளோவரும் அதோடு சரி.

அப்புறம் மார்க் 3. ட்ரபீஸ் குழுவிலிருந்து க்ளென் ஹியூஸ், பேஸும் வாசிப்பார், உச்சக் குரலில் பாடவும் செய்வார். முன்னணிப் பாடகருக்கு ஆள் தேடி, வந்த டேப்புகளை எல்லாம் கேட்டு, கடைசியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையனைப் பிடித்தார்கள். டேவிட் கவர்டேல். அந்தப் பையன் 1974 ஏப்ரலில் கலிஃபோர்னியா ஜாம் விழாவில் லட்சக்கணக்கான கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறான். (அந்த மேடையில்தான் பிளாக்மோர் டிவி கேமராவைக் கிதாராலேயே குத்தியதும் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததும்.) 1975-ல் பிளாக்மோருக்கும் அலுத்துவிட்டது. ரெயின்போ என்று சொந்தக் கடை போட்டுவிட்டார்.

அவர் இடத்துக்கு அமெரிக்காவிலிருந்து டாமி போலின் வந்தார், மார்க் 4. நல்ல வாசிப்புக்காரர், பிளாக்மோரை நகல் எடுக்காதவர். ஆனால் கூட்டம் பிளாக்மோர் பேரைச் சொல்லிக் கத்தியது, உள்ளே போதை வேறு. 1976 மார்ச்சில் லிவர்பூலில் கடைசிக் கச்சேரி. அன்று ராத்திரி கவர்டேல் அழுதுகொண்டே வந்து நான் விலகுகிறேன் என்றாராம், விலகுவதற்குக் குழு என்று ஒன்று இருந்தால்தானே என்று பதில் வந்ததாம். அவருக்கு முன்னாலேயே லார்டும் பெய்ஸும் முடித்துக்கொள்ள முடிவு செய்திருந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 4-ம் தேதி போலின் மயாமியில் போதை மருந்தால் இறந்தார். வயது 25.

இதுவரைக்கும் எட்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது. மிச்சத்தைக் கீழே கொடுங்கையூர்க்காரருக்குச் சொல்கிறேன்.

அயனாவரத்திலிருந்து: டீப் பர்ப்பிள் என்றால் ஆழ்ந்த ஊதா. என்ன பேர் இது?

பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பேர். அவ்வளவுதான். ஆழமாக ஒன்றும் இல்லை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நான் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன். எல்லாரும் பாடகரையும் கிதாரையும்தான் பேசுகிறார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மாறாத ஆள் யாராவது உண்டா?

உண்டு தம்பி, உங்கள் ஆள்தான். இயன் பெய்ஸ். 1968-ல் உட்கார்ந்தவர் இன்னும் அதே நாற்காலி. எல்லா மார்க்கிலும் இருக்கிற ஒரே மனிதர்.

அவர் உள்ளே வந்த கதை ஒன்று சொல்வார்கள். அவர்களிடம் ஏற்கனவே பாபி உட்மன் என்ற டிரம்மர் இருந்தார். பாட வந்த எவன்ஸ் தன்னுடைய பழைய குழுவிலிருந்து பெய்ஸையும் கூட்டிக்கொண்டு வந்தார், பிளாக்மோர் இந்தப் பையனை ஹாம்பர்க்கில் முன்பே பார்த்து மனதில் குறித்து வைத்திருந்தார். உட்மன் சிகரெட் வாங்க வெளியே போன இடைவெளியில் பெய்ஸை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்களாம், அவர் திரும்பி வருவதற்குள் வேலை போய்விட்டது. டீ குடிக்கப் போகும்போது குச்சிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

பெய்ஸ் இடது கைக்காரர், அதனால் டிரம்ஸை அப்படியே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருப்பார். முரட்டுக் குழு என்று பேர் வாங்கினாலும் அடி முரட்டு அடி கிடையாது, ஜாஸ்காரர்களைக் கேட்டு வளர்ந்த கை, உள்ளே ஒரு துள்ளல் இருக்கும். 'ஃபயர்பால்' பாட்டின் ஆரம்பத்தைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பாடகர் மாறினார், கிதார் மாறியது, பேஸ் மாறியது, 2002-ல் ஆர்கனும் மாறியது, ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டால் அதே குழு மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்தத் துள்ளல் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் கடிதம் போடலாம்.

காசிமேட்டிலிருந்து: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்றால் தண்ணீர் மேல் புகை. விடியற்காலையில் போட் ஏறுகிற எங்களுக்குக் கடல் மேல் பனி தெரியும். அந்த மாதிரியா?

அது அசல் புகைதான் ஐயா, ஒரு கட்டடம் எரிந்த புகை.

1971 டிசம்பர். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மாண்ட்ரூ என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கேசினோவில் ஆல்பம் பதிவு செய்யலாம் என்று போகிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு வண்டியை, அதாவது லாரிக்குள்ளேயே ஒரு ஸ்டுடியோ, வாடகைக்கு எடுத்து நிறுத்தியாகிவிட்டது. பதிவு தொடங்குவதற்கு முன்னால், டிசம்பர் 4-ம் தேதி, அங்கே ஃபிராங்க் ஸாப்பா என்ற அமெரிக்க ராக் கலைஞரின் கச்சேரி. கூட்டத்தில் ஒரு மடையன் ஃபிளேர் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட்டான். போட்டில் ஆபத்துக்குக் காட்டுகிற அதே தீ வெளிச்சம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் இசை விழாவை நடத்துகிற க்ளாட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்தார், பாட்டிலும் அவர் வருகிறார். கேசினோ முழுசாகப் போனது. நம்ம ஆட்கள் ஓட்டலில் இருந்து பார்க்கிறார்கள், ஏரி மேல் புகை பரவிக்கொண்டு போகிறது. சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது க்ளோவர் வாயில் அந்த வார்த்தை வந்தது.

ஐந்து வருஷம் கழித்துப் போலின் இறந்ததும் அதே டிசம்பர் 4 தான். ஜோசியக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருகிற பகுதி. பதிவுக்கு இடம் இல்லை. பெவிலியன் என்ற ஒரு தியேட்டரில் ராத்திரி நேரத்தில் ஆரம்பித்தார்கள். இந்தப் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிதார் வரி, உள்ள டிராக்கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கம்பக்கத்துக்காரர்கள் சத்தம் தாங்காமல் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசித்து முடிக்கிற வரைக்கும் குழுவின் லோடு தூக்குகிற பையன்கள் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டலுக்குப் போய், தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்திச் சத்தத்தை அடைத்து, மிச்சத்தை முடித்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறை, பால்கனி எல்லாம் தாண்டி வெளியே லாரிக்குப் போக வேண்டும், அதனால் போவதையே விட்டுவிட்டார்களாம். சில வாரத்திலேயே ஆல்பம் முடிந்தது. இந்தப் பாட்டு ஓடும் என்று அவர்களுக்கே தோன்றவில்லை, வேறொரு பாட்டைத்தான் சிங்கிளாக, அதாவது தனித் தட்டாக, வெளியிட்டார்கள். இது 1973-ல் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து நாலாவது இடத்துக்கு ஏறுகிற நேரத்தில், பாடிய கில்லன் குழுவிலேயே இல்லை.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மூர் மார்க்கெட்தான் நினைவுக்கு வரும். பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள், ரயில்வேயில் வேலை, ஆங்கிலோ இந்தியர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூர் மார்க்கெட் போய்ப் பழைய இசைத்தட்டுகளைக் கிளறி இரண்டோ மூன்றோ வாங்கி வருவார். 'மெஷின் ஹெட்' தட்டை நான் முதலில் பார்த்தது அவர் கையில்தான், உறை ஓரமெல்லாம் கரையான் அரித்தது. 1985-ல் மார்க்கெட் எரிந்தது. அடுத்த ஞாயிறும் அங்கிள் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். அவர் அன்றைக்கு அந்தப் பாட்டைத்தான் போட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அன்று அவர் ஒன்றுமே போடவில்லை.

புளியந்தோப்பிலிருந்து ஒரு தாய்: மகன் பழைய கிதார் ஒன்று வாங்கி வந்து ஒரே டண் டண் டண்ணையே ஒரு மாதமாக வாசிக்கிறான். கேட்டால் இந்தக் குழுவின் பேரைச் சொல்கிறான். நிறுத்துவானா?

நிறுத்த மாட்டான் அம்மா. மேலே சொன்ன புகைப் பாட்டின் ரிஃப் அது, கிதார் தொடுகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருவார்கள். மொத்தமே நாலு சுரம், இரண்டு தந்தியைச் சேர்த்து வாசிக்க வேண்டும். பிளெக்ட்ரம் என்ற சின்ன வில்லையை வைத்து அடிக்காமல் விரலால் இரண்டையும் ஒன்றாகச் சுண்டச் சொல்லுங்கள், பிளாக்மோர் அப்படித்தான் வாசிப்பார், உங்களுக்கும் காது கொஞ்சம் தப்பிக்கும். 1972-ல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் இவர்கள் சத்தம் 117 டெசிபல் என்று அளந்து, உலகிலேயே அதிகச் சத்தம் போடுகிற குழு என்று கின்னஸ் புத்தகத்தில் போட்டார்கள். உங்கள் மகன் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்திலிருந்து: சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள் நான். இந்தக் குழுவில் ஆர்கன் முக்கியம் என்கிறான் என் தம்பி. எனக்குக் கிதார்தான் கேட்கிறது.

அக்கா, நீங்கள் கிதார் என்று நினைப்பதில் பாதி ஆர்கன்தான். ஜான் லார்டு வாசித்தது ஹாமண்ட் ஆர்கன். 1935-ல் சந்தைக்கு வந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகளுக்கு விலை குறைந்த மாற்று என்று விற்ற பெட்டி அது. ஆக உங்கள் ஜாதிக் கருவிதான், கெட்ட சகவாசத்தால் கெட்டுப் போனது. வழக்கமாக அதை லெஸ்லி என்ற, உள்ளே சுழலுகிற ஸ்பீக்கர் பெட்டியில் கொடுப்பார்கள், அலை அலையாக வரும். லார்டு அதைக் கிதார்க்காரர்கள் வைத்திருக்கிற மார்ஷல் ஆம்பில் கொண்டு போய்ச் செருகினார். சத்தம் உடைந்து கரகரவென்று வந்தது. பிளாக்மோரின் கிதாரோடு சண்டை போடுகிற அளவுக்கு ஆர்கனுக்கு ஒரு தொண்டை கிடைத்துவிட்டது.

முறையாகக் கற்றவர். 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு இந்த ராக் குழுவைச் சேர்த்து வாசிக்க வைத்து ஒரு கன்செர்ட்டோ எழுதினார், நடத்தியவர் மால்கம் ஆர்னால்டு. கில்லனும் க்ளோவரும் வந்து சில மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எதிரே வயலின் பட்டாளம். 2002-ல் குழுவை விட்டு விலகித் தனியாக இசை எழுதிக்கொண்டிருந்தார். 2012 ஜூலையில் காலமானார். உங்களுக்கு 'சைல்ட் இன் டைம்' பாட்டின் ஆரம்பம் பிடிக்கும் என்று நினைக்கிறேன், சர்ச் போலவே தொடங்கும். அந்த மெட்டை இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' பாட்டிலிருந்து எடுத்தார்கள். திருட்டா என்று கேட்காதீர்கள், அந்தக் குழுவும் இவர்களுடைய பழைய மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. தெருவில் கிண்ணம் மாற்றிக்கொள்கிற மாதிரிதான்.

பெரம்பூரிலிருந்து: கில்லனா, கவர்டேலா? மழுப்பாமல் ஒரே பேர் சொல்லவும்.

கில்லன்.

காரணமும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் பர்மா பஜாரில் ஒரு கடையில் காசு சேர்த்து ஒரு கேசட் வாங்கினேன். அட்டையில் மார்க் 2 படம், உள்ளே ஒரு பக்கம் கில்லன், மறுபக்கம் 'பர்ன்' ஆல்பத்திலிருந்து கவர்டேல். கடைக்காரருக்குக் கிடைத்ததை எல்லாம் ஏற்றித் தந்துவிட்டார். இரண்டு வருஷம் நான் அதை ஒரே ஆள் பாடியது என்றுதான் நம்பினேன். 'ஏ' பக்கத்தில் வீறிட்டுக் கத்துகிறவருக்கு 'பி' பக்கத்தில் சளி பிடித்துக் குரல் கட்டையாகிவிட்டது என்று என் கணக்கு. கவர்டேல் நல்ல பாடகர், புளூஸ் பாடப் பிறந்த குரல், பிற்பாடு ஒயிட்ஸ்நேக் என்று சொந்தக் குழு நடத்திப் பெரிய ஆள் ஆனார். ஆனால் அந்த 'ஏ' பக்கத்தைக் கேட்டபோது மாடியில் நின்றுகொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு மேல் எனக்கு நியாயம் சொல்லத் தெரியாது.

ஓட்டேரியிலிருந்து: இதே பேரில் போலிக் குழு ஒன்று இருந்ததாமே?

இருந்தது, தண்டையார்பேட்டை அண்ணன் இதைக் கவனமாகப் படிக்கவும்.

1976-ல் குழு கலைந்துவிட்டது, பேர் மட்டும் சும்மா கிடந்தது. 1980-ல் அமெரிக்காவில் சில ஏற்பாட்டாளர்கள் ராட் எவன்ஸைப் பிடித்தார்கள், 1969-ல் ரகசியமாகக் கழற்றிவிடப்பட்டாரே அதே முதல் பாடகர். அவரைச் சுற்றி வேறு நாலு பேரை நிறுத்தி, டீப் பர்ப்பிள் என்று போஸ்டர் ஒட்டி, மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கச்சேரி. கூட்டம் பிளாக்மோரையும் கில்லனையும் நினைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கியது, மேடையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. லாங் பீச் கச்சேரியின்போது அசல் குழுவின் நிர்வாகம் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது: இன்னின்னார் இந்த நிகழ்ச்சியில் வாசிக்க மாட்டார்கள் என்று பேர் பேராக. கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு 6,72,000 டாலர் நஷ்ட ஈடு. எவன்ஸுக்கு முதல் மூன்று ஆல்பங்களுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியும் போனது. அத்தோடு அவர் இசை உலகத்தை விட்டே போய்விட்டார்.

எனக்கு எவன்ஸ் மேல் பரிதாபம்தான். ஆரம்பித்த ஐவரில் ஒருவர், அவர் பாடிய 'ஹஷ்' தான் குழுவுக்கே முதல் சோறு போட்டது. ஆனால் பேர் அப்படி வேலை செய்வதில்லை. நம் பக்கம் குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று சொல்வோமே, அதில் ரத்த சொந்தம் எங்கே இருக்கிறது? அந்த வாத்தியார் கையில் கற்று, அந்தக் கூட்டத்தோடு நின்று குத்துகிறவன் அந்தப் பரம்பரை. நான் ஒரு காலத்தில் அங்கே இருந்தேன் என்று பதினொரு வருஷம் கழித்து, வேறு ஆட்களைக் கூட்டி வந்து அதே பேரில் கோதாவில் இறங்கினால் ஊர் ஒத்துக்கொள்ளுமா?

அண்ணே, உங்களுக்கு நேரடியாக: எழுத்தில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பழைய அட்வான்ஸ் ரசீது, பேங்க் கணக்கு, நோட்டீஸ், எதுவானாலும். பேரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய முடியும், அதற்கென்று கிண்டியில் அலுவலகமே இருக்கிறது, ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் அந்தப் பாடகரை ஒரு தடவை டீக்கடையில் உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். ஏழு பேரில் நாலு பேர் அந்தப் பக்கம் என்றால், தப்பு முழுக்க அவர் மேல்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

கொடுங்கையூரிலிருந்து: 1976-க்கு அப்புறம் என்ன ஆயிற்று? இப்போதும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், கச்சேரியும் நடக்கிறது.

1984-ல் மார்க் 2 ஐந்து பேரும் மறுபடி சேர்ந்தார்கள், 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' வந்தது. பேரைக் கவனியுங்கள், அசல் அந்நியர்கள். நன்றாகத்தான் போனது, அப்புறம் பழைய புண். 1989-ல் கில்லனை அனுப்பிவிட்டு ஜோ லின் டர்னரைக் கொண்டு வந்தார்கள், அவர் பிளாக்மோரின் ரெயின்போவில் பாடியவர். வந்த ஆல்பம் ரெயின்போ ஆல்பம் மாதிரியே இருந்தது, பலகை ஒரு கடை, உள்ளே சரக்கு வேறு கடை. 25-வது ஆண்டுக்காகக் கில்லனைத் திரும்ப அழைத்தார்கள். 1993 நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் விலகினார், இந்த முறை நிரந்தரமாக. ஜப்பானில் டிக்கெட் விற்றாகிவிட்டது. ஜோ சத்ரியானி என்ற அமெரிக்கக் கிதார் கலைஞர் வந்து மானத்தைக் காப்பாற்றினார், ஆனால் தங்கவில்லை. பிளாக்மோர் பிற்பாடு மனைவியோடு சேர்ந்து பழங்கால ஐரோப்பிய நாட்டுப்புற இசை வாசிக்கப் போய்விட்டார், அந்த 117 டெசிபல் மனிதர்.

1994-ல் கிதாருக்கு ஸ்டீவ் மோர்ஸ் வந்தார், நடுவில் கொஞ்ச காலம் விமான பைலட்டாக வேலை பார்த்தவர். நான் இவரைப் பற்றி மட்டும் ஒரு இதழ் எழுதுவேன். பிளாக்மோர் போட்ட தடத்தை அவர் மிதிக்கவே இல்லை, தன்னுடைய வாசிப்பைத் தான் வாசித்தார், குழு மூச்சு விட்டது. 28 வருஷம் இருந்தார். பிளாக்மோர் இரண்டு தவணையும் சேர்த்தே பதினாறு, பதினேழு வருஷம்தான். அப்படியும் ரசிகர்களுக்கு மோர்ஸ் கடைசி வரைக்கும் 'புது ஆள்'. புது வண்ணாரப்பேட்டையை நாம் இன்னும் புது என்றுதானே சொல்கிறோம்.

லார்டுக்கு முழங்கால் வலி என்று 2001-ல் மாற்றாக வந்த டான் ஏரி அப்படியே தங்கிவிட்டார். 2016-ல் ராக் இசையின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கிற அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது எட்டுப் பேருக்குத்தான் இடம் கொடுத்தார்கள். முதல் பேஸ் வாசித்த சிம்ப்பர் பேர் இல்லை, இறந்துபோன போலின் பேரும் இல்லை. எவன்ஸ் பேர் இருந்தது, அவர் வரவில்லை. பிளாக்மோரும் வரவில்லை. 2022-ல் உடல்நலம் இல்லாத மனைவியைப் பார்த்துக்கொள்ள மோர்ஸ் விலக, அயர்லாந்துப் பக்கத்திலிருந்து சைமன் மெக்பிரைடு வந்தார். 1979-ல் பிறந்த பையன் அவர், அதாவது குழு முதல் தடவை கலைந்து மூன்று வருஷம் கழித்து. 2024-ல் புது ஆல்பமும் வந்துவிட்டது.

மணலியிலிருந்து: எனக்கு இங்கிலீஷ் பாட்டே பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?

'மேட் இன் ஜப்பான்'. மேடைப் பதிவு என்பதால் நம் கச்சேரி கேட்கிற காதுக்குச் சுலபமாக ஒட்டும், ஒருவர் வாசித்ததை மற்றவர் திருப்பிச் சொல்வார், பாடகர் கத்தினால் கிதார் அதையே கத்திக் காட்டும், கிட்டத்தட்டத் தனி ஆவர்த்தனம்கூட உண்டு. அதில் பிடித்தால் 'மெஷின் ஹெட்', அப்புறம் 'பர்ன்', அப்புறம் மோர்ஸ் வந்த முதல் ஆல்பம் 'பர்பெண்டிகுலர்'. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை. ஃபோனில் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் பாட்டு முடிகிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொள்ள இரண்டு பையன்களை நிறுத்திக்கொள்ளுங்கள்.